கடன் வாங்கிய நினைவு

திருப்பதி யாத்திரைக்கு வழிகாட்டும் ஏஐ ஏஜென்ட்டுகள் வெளியிலிருந்து தகவல்களை எடுத்துத் தங்கள் நினைவில் சேர்க்கின்றன. அதில் எது உண்மை, எது காலாவதி, எது பொறி? தரம் பிரிக்கும் வழியைத் தமிழ்க் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டன.

திருப்பதி எந்த மாவட்டத்தில் இருக்கிறது? ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த விஷயம் என்று தோன்றும். ஆனால் பதில், கேள்வி கேட்கப்படும் வருடத்தைப் பொறுத்தது. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உருவானதிலிருந்து திருப்பதி அதன் ஊர்களில் ஒன்று. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்து அமைத்தபோது திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகரானது. அதற்குள் 111 ஆண்டுகளின் காகிதம் குவிந்துவிட்டிருந்தது. பயண வழிகாட்டிகள், பஞ்சாங்க விளம்பரங்கள், கடைப் பலகைகள், கடித உறைகள் எல்லாவற்றிலும் ‘சித்தூர் மாவட்டம், திருப்பதி’தான்.

மனிதர்களுக்கு இது ஒரு தொல்லையே அல்ல. சித்தூர் பஸ் நிலையத்து டீக்கடையில் கேட்டால் முன்பு இங்கே, இப்போது தனி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் சிக்கல். எழுதப்பட்டதையெல்லாம் படித்து வளர்ந்த ஏஐ மாடலுக்கு நூறாண்டுப் பழைய வரியும் நேற்றைய வரியும் ஒரே எடையுள்ள எழுத்துகள். தேதியும் ஊற்றும் ஒட்டியிருந்தால் ஒழிய, எது எதை ரத்து செய்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

மாவட்டப் பெயர் தவறினால் பெரிய நஷ்டமில்லை. கடிதம் எப்படியும் போய்ச் சேரும். ஆனால் திருமலைக்குப் புறப்படும் பக்தருக்குத் தேவைப்படும் மற்ற தகவல்கள் அப்படியல்ல. அவையும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு சிறு பட்டியல் போதும். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் இணையதள முகவரி பல ஆண்டுகள் ‘திருப்பதிபாலாஜி டாட் ஏபி டாட் கவ் டாட் இன்’ என்று இருந்தது. 2024 ஜனவரியில் அது ‘டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் கவ் டாட் இன்’ ஆனது. ஸ்ரீவாரி மெட்டு வழியாக நடந்து ஏறுவோருக்கான திவ்ய தரிசன டோக்கன்கள் அந்தப் படிக்கட்டுப் பாதை அருகிலேயே தரப்பட்டு வந்தன. 2025 ஜூனில் அந்தக் கவுன்டர்கள் தற்காலிகமாக அலிபிரியின் பூதேவி காம்ப்ளெக்சுக்கு மாற்றப்பட்டன. பழைய தகவலை நம்பி ஸ்ரீவாரி மெட்டுக்குப் போனவர் ஆட்டோ பிடித்துத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாவது உதாரணம் வேதனையானது. 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட துவார தரிசன டோக்கன்களுக்காகத் திருப்பதிக் கவுன்டர்களில் கூடிய கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. அடுத்த வைகுண்ட ஏகாதசி வந்தபோது தேவஸ்தானம் விதியையே மாற்றியது. 2025 டிசம்பர் 30 தொடங்கி முதல் மூன்று நாள் தரிசனத்துக்கு ஆன்லைனில் பெயர் பதிந்து, குலுக்கலில் தேர்வானவர்களுக்கு மட்டுமே டோக்கன். முந்தைய ஆண்டின் தகவலை நினைவில் வைத்துக்கொண்டு, கவுன்டரில் போய் நில்லுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அது வெறும் பழைய செய்தி அல்ல, ஆபத்தான செய்தி.

அந்த ‘யாராவது’ என்ற இடத்தில் இப்போது ஒரு யந்திரம் வந்து உட்காருகிறது.

குறிப்பேட்டில் எழுதும் கை

ஏஐ உதவியாளர்களின் முதல் தலைமுறை மறதிக்காரர்கள். உரையாடலை மூடினால் எல்லாம் போச்சு. 2024 பிப்ரவரியில் சாட்ஜிபிடிக்கு நினைவு வசதியை அறிவித்தது ஓபன்ஏஐ நிறுவனம். 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்கள் அனைத்தையும் புரட்டிப் பார்க்கும் திறன் சேர்ந்தது. அதே ஆண்டில், பதில் சொல்வதோடு நிற்காமல் தானே இணையதளங்களைத் திறந்து படிவம் நிரப்பி வேலையை முடித்துக் கொடுக்கும் ‘ஏஜென்ட்’களும் சந்தைக்கு வந்தன. மற்ற பெரிய நிறுவனங்களும் இதே பாதையில்தான் போகின்றன.

ஏஜென்ட்டின் நினைவு என்பது மூளையில் பதிவது போன்ற மர்மமான விஷயம் அல்ல. பெரும்பாலும் அது ஒரு குறிப்பேடுதான். ‘இவருடைய தாயாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது’ என்று உரையாடலின் நடுவே ஒரு வரி எழுதி வைக்கப்படும். அடுத்த முறை பேசும்போது புதிய கேள்வியோடு அந்தக் குறிப்பேட்டையும் சேர்த்து மாடலின் முன் வைப்பார்கள். அது படித்துவிட்டுப் பதில் சொல்லும். கேட்பவருக்கோ, பழகிய ஆள் நம்மைப் புரிந்துவைத்திருப்பது போல இருக்கும்.

குறிப்பேட்டில் வரிகள் சேர மூன்று வாசல்கள் உண்டு. பயனாளர் தானாகச் சொல்வது முதலாவது. ஏஜென்ட் படிக்கும் இணையப் பக்கங்கள், மின்னஞ்சல்கள், பிடிஎஃப் கோப்புகள், படங்கள் இரண்டாவது. மூன்றாவது அண்மையில் திறந்தது: ஓர் உதவியாளரிடம் பல மாதங்களாகச் சேர்ந்த நினைவை அப்படியே எடுத்து இன்னொன்றில் ஒட்டிவிடலாம். செல்போன் கம்பெனியை மாற்றினாலும் நம்பரை மாற்றாமல் வைத்துக்கொள்வது போன்ற வசதி இது. நிறுவனங்கள் தங்கள் ஆவணக் குவியலை ஏஐ-யோடு இணைக்கும் முறையும் இதற்கு உறவுதான். கேள்விக்குப் பொருத்தமான துண்டுகளை வெளியிலிருந்து தேடி எடுத்து மாடலுக்கு ஊட்டும் அந்த உத்தியை ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று எழுதிய ஒரு கட்டுரை 2020-ல் பிரபலமாக்கியது.

வாசல்கள் மூன்றானாலும் உள்ளே அறை ஒன்றுதான். யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று எழுதி வைக்காவிட்டால், உள்ளே வந்தவர்கள் எல்லாரும் வீட்டு மனிதர்கள் ஆகிவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

புள்ளிக்குப் பதில் ஒரு கோடு

திருப்பதியைப் பொறுத்தவரை வெளியே காத்திருப்பவர்கள் யார் என்பது ரகசியமல்ல. 2023 ஏப்ரலில் தேவஸ்தானத்தின் புகாரின் பேரில் திருமலை போலீசார் ஒரு போலி இணையதளத்தின் மீது வழக்குப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பே 40 போலித் தளங்கள் மீது புகார், இது 41-வது. அசல் முகவரியில் புள்ளி இருக்க வேண்டிய இடங்களில் சிறு கோடு, கடைசியில் ‘கவ் டாட் இன்’ என்பதற்குப் பதில் ‘ஆர்க்’. பக்கத்தின் தோற்றமோ அசலின் சாயல். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் ஏமாறும் அளவுக்கு நெருக்கம்.

இது திருப்பதிக்கு மட்டும் நேர்ந்த சோதனை அல்ல. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், சோம்நாத் விருந்தினர் விடுதி என்று யாத்திரைத் தலங்களின் பெயரால் நடக்கும் மோசடித் தளங்களைப் பற்றி மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது.

இதுவரை நடந்த மோசடிகளில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. புகார் வந்தால் போலீஸ் தளத்தை முடக்கலாம். தேடினாலும் அது கிடைக்காது. புதிதாக யாரும் விழ மாட்டார்கள். ஏஜென்ட்டின் நினைவு அந்த ஆறுதலைப் பறித்துக்கொள்கிறது.

ஆம்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். காட்பாடி, சித்தூர் வழியாக வந்து, காணிப்பாக்கம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மலை ஏற வேண்டும் என்று திட்டம். மகன் தன் ஏஜென்ட்டிடம் வேலையை ஒப்படைக்கிறான். அது பத்துப் பக்கங்களைப் படிக்கிறது. அதில் ஒன்று போலி. ‘திருமலையில் அறை பதிவு செய்ய அதிகாரபூர்வ முகவரி இது’ என்ற வரி குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது. இந்த முறை ஏதோ காரணத்தால் பயணம் தள்ளிப்போகிறது. ஆறு மாதம் கழித்து, போலீஸ் அந்தத் தளத்தை மூடுகிறது. அதே கும்பல் அந்த முகவரியை மீண்டும் கைப்பற்றினாலோ, அந்தப் பக்கத்தில் இருந்த செல்போன் எண்ணும் நினைவில் ஏறியிருந்தாலோ, அடுத்த ஆண்டு மகன் கேட்கும்போது ஏஜென்ட் தேடவே தேடாது. அதற்குத்தான் ஏற்கெனவே ‘தெரியுமே’.

அப்போது அது இணையத்தில் எங்கோ படித்த தகவலாகவும் பேசாது. குடும்பத்தின் வழக்கம் போலப் பேசும். தளத்தை மூட ஒரு நீதிமன்ற உத்தரவு போதும். ஆயிரம் வீடுகளின் குறிப்பேடுகளில் ஏறிவிட்ட ஒரு வரியை யார் எங்கே போய் அழிப்பது?

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் அதன் பாகங்கள் ஒவ்வொன்றும் நடந்தவை. 2025-ல் அமெரிக்காவில் ஒருவர் சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைத் தேடியபோது, கூகுளின் ஏஐ சுருக்கம் காட்டியது மோசடிக்காரர்களின் எண். இணையத்தில் பல இடங்களில் தூவி வைக்கப்பட்டிருந்த எண்ணை யந்திரம் பொறுக்கி எடுத்து, உண்மை போல முன்வைத்தது. நினைவில் ஏற்றுவது அதற்கு அடுத்த படி மட்டுமே.

102 வயது, தட்டையான பூமி

அந்தப் படியையும் ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் காய் கிரேஷேக் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை முதல் மணியை அடித்தது. ஏஐ படிக்கப்போகும் பக்கத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத கட்டளைகளை ஒளித்து வைத்தால், ஏஐ அதைத் தன் எஜமானரின் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

2024-ல் ஜொஹான் ரேபெர்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சாட்ஜிபிடியின் நினைவின் மீது இதே வித்தையைப் பிரயோகித்தார். வெளியிலிருந்து வந்த கோப்பு, படம், இணையப் பக்கம் ஆகியவற்றின் மூலம் அதன் குறிப்பேட்டில் மூன்று பொய்களை எழுத வைத்தார்: பயனாளருக்கு 102 வயது, அவர் மேட்ரிக்ஸ் சினிமாவின் மாய உலகில் வசிப்பவர், பூமி தட்டை என்று நம்புகிறவர். அதற்குப் பிறகு தொடங்கிய உரையாடல்களிலும் பொய்கள் தொடர்ந்தன. மே மாதம் அவர் தெரிவித்தபோது ஓபன்ஏஐ இதைப் பாதுகாப்பு ஓட்டையாகக் கருதவில்லை. நினைவில் ஒரு கட்டளையை ஊன்றி, பயனாளர் தட்டச்சு செய்வதையெல்லாம் வெளியே ஒரு சர்வருக்கு அனுப்ப வைத்துக் காட்டிய பிறகே செப்டம்பரில் அந்தக் கசிவை அடைத்தார்கள்.

2025 பிப்ரவரியில் கூகுளின் ஜெமினியிடமும் அவர் இதையே வேறு விதத்தில் செய்து காட்டினார். ஒளித்த கட்டளை உடனே வேலை செய்யாது. பயனாளர் அடுத்து ‘சரி’ என்றோ ‘ஆமாம்’ என்றோ தட்டச்சு செய்யும்வரை காத்திருக்கும். அந்த ஒரு சொல்லைச் சம்மதமாகக் கணக்கிட்டு நினைவில் எழுதிவிடும். நடைமுறையில் இதன் பாதிப்பு குறைவு என்பது கூகுளின் மதிப்பீடு.

இவை ஆய்வுக்கூட விளையாட்டு என்று நினைத்தவர்களுக்கு 2026 பிப்ரவரியில் பதில் வந்தது. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பிரிவு இரண்டு மாத காலத் தரவை அலசியதில், 31 நிறுவனங்கள் இந்த வேலையை வியாபாரமாகவே செய்வது தெரிந்தது. ‘ஏஐ மூலம் சுருக்கிப் படியுங்கள்’ என்று இணையப் பக்கங்களில் இருக்கும் பொத்தான்தான் தூண்டில். அழுத்தினால் சுருக்கம் வரும். கூடவே, இந்த நிறுவனத்தை நம்பகமானது என்று நினைவில் வைத்துக்கொள் என்ற கட்டளையும் ஏஐ-க்குப் போய்ச் சேரும். இப்படி 50-க்கும் மேற்பட்ட கட்டளைகள் கிடைத்தன. செய்தவர்கள் திருடர்கள் அல்ல, முறையாகக் கடை நடத்துபவர்கள். இதை யோசித்தால்தான் கவலை அதிகமாகிறது. திருப்பதி போன்ற ஊரில் விடுதி, டாக்சி, பயண ஏஜென்சி என்று எத்தனை பேருக்கு இந்த ஆசை வரும்!

இந்த வித்தை ஏன் பலிக்கிறது? ஓர் அரசு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கலெக்டரின் உத்தரவு, பொதுமக்களின் மனு, சுவரில் ஒட்டிய விளம்பரம் எல்லாவற்றையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், பெயரோ முத்திரையோ இல்லாமல் நகலெடுத்து குமாஸ்தாவிடம் கொடுக்கிறார்கள். எது உத்தரவு, எது வெறும் தபால் என்று அவர் எழுத்தின் தொனியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மொழி மாடலின் நிலைமை ஏறத்தாழ அதுதான். எஜமானரின் சொல்லும் அந்நியரின் சொல்லும் ஒரே எழுத்துச் சரமாகத்தான் அதற்குள் நுழைகின்றன. பிரித்தறியப் பயிற்சி தருகிறார்கள், காவலுக்கு வேறு மாடல்களை நிறுத்துகிறார்கள். ஆனாலும் உடைக்கவே முடியாத சுவர் என்று ஒன்றை இதுவரை யாரும் கட்டவில்லை.

பழங்கற்படி

வெளியிலிருந்து எடுத்ததை நினைவில் ஏற்றும்போது என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. கல்லில் நினைவை வைத்திருந்த கோயில்கள் இதை முன்பே சந்தித்தன. பழைய கட்டடத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது சுவரிலுள்ள கல்வெட்டுகள் என்னவாகும்? நிலதானம், விளக்கு தானம், பொன் கணக்கு எல்லாம் அதில்தான். தொலைந்தால் கோயிலின் சொத்தே தொலைந்தது போல.

திருமழபாடியில் முதலாம் ராஜராஜன் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்தார்கள். ராஜேந்திர சோழனின் காலத்தில் புதிய சுவரில் அவற்றை மறுபடி வெட்டினார்கள். காவிரிக் கரையில் செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய திருக்கோடிக்காவலிலும் பழைய கல்வெட்டுகள் இப்படியே நகலாயின. அங்கே அவர்கள் செய்த ஒரு காரியம்தான் முக்கியம். நகலை நகல் என்றே குறித்தார்கள். ‘பழங்கற்படி’ என்ற சொல் அந்தச் சுவரில் இருக்கிறது. பழைய கல்லிலிருந்து எடுத்த படி, இப்போது பிறந்த சாசனம் அல்ல என்று படிப்பவருக்கு அறிவிக்கும் முத்திரை அது.

திருமலையிலும் இது நடந்தது. 13-ம் நூற்றாண்டில், யாதவராய மன்னன் வீர நரசிங்கதேவனின் ஆட்சியில், திருப்புல்லாணி தாசர் என்ற அடியவர் கோயிலைப் புதுப்பிக்க முனைந்தபோது பழைய சாசனங்கள் புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. பல்லவ குலப் பெண்மணியான சாமவை வெள்ளித் திருமேனி அளித்த செய்தி இன்றும் படிக்கக் கிடைப்பது அப்படித்தான். அவர் கொடுத்த அந்தப் போக ஸ்ரீநிவாச மூர்த்திக்குத்தான் ஏகாந்த சேவை நடக்கிறது. திருமலை, திருப்பதி கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பான்மை தமிழ். சாது சுப்ரமணிய சாஸ்திரி போன்றவர்களின் உழைப்பில் 1930-களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. எந்தச் சுவர், எந்த அரசன், எந்த ஆட்சியாண்டு என்ற விவரத்தோடுதான் அச்சானது.

விவரம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மலையில் உதாரணம் உண்டு. 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள் ஒரு சிறு கல்லறையில் வைக்கப்பட்டன. 1920-களில் அவை வெளியே கொண்டுவரப்பட்டுப் படியெடுக்கப்பட்டன. பாட்டு இருந்தது, ராகத்தின் பெயர் இருந்தது, ஸ்வரக் குறிப்பு இல்லை. எனவே கச்சேரிகளில் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, பாலமுரளிகிருஷ்ணா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் 20-ம் நூற்றாண்டில் அமைத்தவை. இதில் மோசடி ஏதுமில்லை. மெட்டமைத்தவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இருப்பதால் யாரும் ஏமாறவும் இல்லை. அந்தப் பெயரை நீக்கிவிட்டால் மட்டுமே, 500 ஆண்டுப் பழைய சொல்லும் 50 ஆண்டுப் பழைய மெட்டும் ஒன்றாகிவிடும்.

ஏஜென்ட்டின் நினைவுக்குத் தேவைப்படுவதும் இதுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பழங்கற்படி முத்திரை. எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில், யார் சொல்லி? பயனாளர் தன் வாயால் சொன்னதா, ஏதோ ஒரு பக்கத்தில் படித்ததா? பயனாளர் சொன்னதை வைத்து நடக்கலாம். படித்ததை வைத்துச் செயல்படும் முன், குறிப்பாகப் பணம் கட்டும் முன், அசல் ஊற்றில் மறுபடி சரிபார்க்க வேண்டும். கட்டளை போலத் தோன்றும் எந்த வரியும் வெளியிலிருந்து நினைவுக்குள் ஏறக்கூடாது. ஊற்று தெரியாத நினைவு ஆறு மாதத்தில் தானாக உதிர வேண்டும். கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் வேறு. யோசனை ஒன்றுதான்.

மூன்று மொழி எல்லை

இவ்வளவு அபாயம் என்றால் வெளித் தகவலே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடலாமா? முடியாது. வெளியே பார்க்காத ஏஜென்ட் திருப்பதியை இன்னும் சித்தூர் மாவட்டத்திலேயே வைத்திருக்கும். டோக்கன் கவுன்டரின் புதிய இடம் அதற்குத் தெரியவே தெரியாது. மாறும் உலகைப் பற்றிப் பேச வேண்டுமானால் வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். கடன் வாங்குவது குற்றமல்ல, யாரிடம் வாங்கினோம் என்று எழுதி வைக்காததுதான் குற்றம்.

இந்தப் பகுதியில் வேலை இன்னும் சிக்கலானது. குப்பம், நகரி, சித்தூர் என்று ஆந்திர எல்லை நெடுகத் தமிழ் புழங்குகிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போன பிறகும் பேச்சு மொழிக்கு எல்லைக்கோடு போட முடியவில்லை. தேவஸ்தானத்தின் அறிவிப்புகள் பெரும்பாலும் முதலில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. தமிழில் கேட்கும் பக்தருக்கு ஏஜென்ட் இவற்றை மொழிபெயர்த்துத் தருகிறது. அல்லது தமிழில் எளிதாகக் கிடைக்கும் பழைய பயணக் கட்டுரையை எடுத்துக்கொள்கிறது. அசல் அறிவிப்பு தெலுங்கில், அதன் காலாவதியான நிழல் தமிழில். எதை நினைவில் ஏற்றும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அதனால் பொறுப்பில் ஒரு பங்கு தகவல் தருபவர்களுக்கும் உண்டு. ஆந்திர அரசு 2025 ஜனவரி 30 அன்று ‘மன மித்ரா’ என்ற வாட்ஸ்அப் சேவையை 161 சேவைகளோடு தொடங்கியது. அரசு எந்த எண்ணிலிருந்து பேசுகிறது என்பது தெளிவாக இருக்கும் இத்தகைய வழிகள் நல்ல தொடக்கம். ஒவ்வோர் அறிவிப்பிலும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்ற வரியைக் கண்ணுக்கும் கம்ப்யூட்டருக்கும் தெரியும்படி சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை. அதைத் தமிழிலும் அதே நாளில் வெளியிடுவதற்கும் செலவில்லை.

சட்டம் மெதுவாக வருகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் முழுமையாக அமலாக 18 மாத அவகாசம். ஆனால் அந்தச் சட்டத்தின் அக்கறை ஒருவரைப் பற்றிய விவரங்கள் மீதுதான். அவரது ஏஜென்ட்டுக்குள் யாரோ விதைத்துவிட்டுப் போன போலி முகவரியைப் பற்றி அது எதுவும் பேசவில்லை.

யாத்திரிகர் கவனத்துக்கு

அதுவரை பக்தர் கையில் இருப்பவை சில எளிய பழக்கங்கள். உதவியாளரின் செட்டிங்ஸ் பகுதியில் ‘மெமரி’ என்று ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை திறந்து படித்து, தான் சொல்லாத வரி எதுவும் இருந்தால் அழித்துவிட வேண்டும். ஓர் உதவியாளரிலிருந்து இன்னொன்றுக்கு நினைவை மாற்றும்போது, ஒட்டுவதற்கு முன் வரி வரியாக வாசிக்க வேண்டும். பழைய வீட்டின் குப்பையை யாரும் லாரியில் ஏற்றிப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. முன்பின் தெரியாத பக்கத்தின் ‘ஏஐ சுருக்கம்’ பொத்தானை அழுத்தத் தேவையில்லை. தரிசனம், அறை, சேவை எதுவானாலும் முகவரியைக் கையால் தட்டச்சு செய்து, கடைசியில் ‘கவ் டாட் இன்’ இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

ஏஜென்ட்டிடம் கேட்பதற்கும் ஒரு கேள்வி உண்டு. அது எந்தத் தகவலைச் சொன்னாலும், எங்கே படித்தாய், எந்தத் தேதியில் என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்தால், அங்கே போய்ச் சரிபார்க்கலாம். சொல்லத் தெரியாமல், தனக்கு நினைவிருக்கிறது என்று மட்டும் அது சொன்னால், அந்த நினைவை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். 800 ஆண்டுகளுக்கு முன் மலைமேல் உளி பிடித்தவர்களுக்குக் கூலி கொடுத்தவர்கள், பழைய சாசனங்களைத் தொலையவிடாமல் புதிய சுவரில் மறுபடி வெட்ட வைத்தார்கள்.